பல வீடியோ கோப்புகளை ஒரே டிவிடியில், பிளேயரில் ஓடும்படி போடுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 11 வீடியோ கோப்புகள் இருக்கின்றன. பாதி கைப்பேசியில் எடுத்த எம்பி4, மீதியில் சில பழைய கேமராவின் ஏவிஐ, இரண்டு எம்கேவி. மொத்தம் 2.6 ஜிபி, ஓடும் நேரம் 2 மணி 20 நிமிடம். எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் இணைத்து ஒரே கோப்பாக்கி, விண்டோஸிலேயே டிவிடியில் எழுதினீர்கள். கணினியில் ஓடுகிறது, தொலைக்காட்சியோடு இணைத்த டிவிடி பிளேயரில் ஓடவில்லை. இன்னொரு மென்பொருளில் போட்டால், 2.6 ஜிபிதான் இருந்தும் டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. அதோடு ஒரு கோப்பில் பேச்சும் வாயசைவும் போகப்போக விலகுகின்றன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “இணைப்பதற்கு எந்த மென்பொருள் நல்லது?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது, எந்தப் பிளேயரில் போட்டாலும் ஓடுகிற ஒரு டிவிடி. அதற்குக் கோப்புகளை முன்கூட்டியே இணைக்கத் தேவையே இல்லை. பல வருடங்களாக வீட்டு விழாப் பதிவுகளையும் பழைய நாடாக்களையும் டிவிடிக்கு மாற்றிக் கொடுத்து வருகிறேன்; அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிவிடி டிஸ்க் ஒன்றில் இரண்டு விதமாக வீடியோவைப் போடலாம். ஒன்று, பென் டிரைவில் போடுவதைப் போலக் கோப்பை அப்படியே எழுதுவது. இதை டேட்டா டிஸ்க் என்பார்கள். மற்றொன்று டிவிடி வீடியோ என்ற தரத்தின்படி அமைத்து எழுதுவது. கடையில் வாங்கும் திரைப்பட டிவிடிகள் இந்த வகை. பிளேயர்கள் அனைத்துக்கும் பொதுவாகத் தெரிந்தது இரண்டாவது வகை மட்டுமே. டிவிடி 1996-இல் சந்தைக்கு வந்தது. உங்கள் கைப்பேசி பயன்படுத்தும் எச்.264 என்ற வீடியோ முறை 2003-இல்தான் தரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே டிவிடி தரத்தில் அதற்கு இடமே கிடையாது. டிவிடி வீடியோவுக்கு உரியது எம்பெக்-2 (பழைய எம்பெக்-1-க்கும் அனுமதி உண்டு). பிற்காலத்தில் வந்த சில பிளேயர்கள் டிவ்எக்ஸ், எக்ஸ்விட், எம்பி4 போன்றவற்றையும் வாசிக்கும். அது அந்தந்தத் தயாரிப்பாளர் கூடுதலாகச் சேர்த்த வசதி, எல்லாப் பிளேயரிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

விண்டோஸில் டிஸ்க்கைப் போட்டதும் ஒரு சிறு பெட்டி வந்து, இதை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயரோடு பயன்படுத்தவா என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிளேயரில் ஓடும் டிவிடி உருவாகிவிட்டதாக நம்புகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தேர்வு பழைய கருவிகளும் டிஸ்க்கைத் திறக்கும்படி எழுதுகிறதே தவிர, உள்ளே போவது அதே எம்பி4 கோப்புதான். வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவதும் இல்லை, டிவிடி அமைப்பை உருவாக்குவதும் இல்லை. கணினியில் எல்லா வகைக் கோப்பையும் வாசிக்கும் மென்பொருள் இருப்பதால் அங்கே ஓடியது. பிளேயரில் அது இல்லை. உங்கள் டிஸ்க்கிலும் டிரைவிலும் பழுது இருப்பதாக நீங்கள் சொன்னதிலிருந்து தெரியவில்லை.

டிவிடி அமைப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் பிறகு வரும் சிக்கல்கள் எளிதில் பிடிபடும். கடையில் வாங்கிய ஏதாவது ஒரு டிவிடியைக் கணினியில் திறந்து பாருங்கள். வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பல சமயம் காலியாக ஆடியோ_டிஎஸ் என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவதன் உள்ளே மூன்று வகைக் கோப்புகள்: விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி. படமும் ஒலியும் சப்டைட்டிலும் விஓபி கோப்பில் கலந்து கிடக்கின்றன. ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டாது. தாண்டினால் அடுத்த எண்ணோடு தொடரும். ஐஎஃப்ஓ ஒரு புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி: எந்த டைட்டில் (தனியாக ஓடும் ஒரு நிகழ்ச்சி) எங்கே தொடங்குகிறது, சாப்டர்கள் எங்கே, ஒன்று முடிந்ததும் எதற்குத் தாவ வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பியுபி அதன் நகல், கீறல் விழுந்தால் கைகொடுப்பதற்காக. பிளேயர் டிஸ்க்கைச் சுழற்றியதும் தேடுவது இந்த ஐஎஃப்ஓவைத்தான். அது இல்லாவிட்டால் மீதியை அது கவனிப்பதே இல்லை. இந்த அமைப்பை உருவாக்கும் வேலைக்கு ஆத்தரிங் என்று பெயர். நீங்கள் தேட வேண்டியது டிவிடி ஆத்தரிங் மென்பொருள். இணைக்கும் மென்பொருளைத் தேடியதால்தான் இவ்வளவு அலைச்சல்.

இப்போது கொள்ளளவு. 2.6 ஜிபி கோப்புகள் 4.7 ஜிபி டிஸ்க்கை எப்படி நிறைக்கும் என்பது நியாயமான சந்தேகம். ஆத்தரிங் செய்யும்போது ஒவ்வொரு கோப்பும் பிரித்தெடுக்கப்பட்டு எம்பெக்-2 ஆக மறுபடியும் உருவாக்கப்படுகிறது. பழைய கோப்பு எத்தனை ஜிபி என்பதற்கு அதன்பின் எந்த மதிப்பும் இல்லை. புதிய கோப்பு எத்தனை ஜிபி என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை நிமிடம் ஓடுகிறது, ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு ஒதுக்குகிறோம். அந்த ஒதுக்கீட்டுக்குப் பெயர் பிட்ரேட். எச்.264 கிட்டத்தட்டப் பாதி தரவிலேயே எம்பெக்-2 தரும் தரத்தைத் தந்துவிடும், அதனால்தான் உங்கள் மூலக் கோப்புகள் சிறியவை. ஆகவே “இந்த டிஸ்க்கில் எத்தனை கோப்பு கொள்ளும்?” என்று கேட்பதைவிட “எத்தனை நிமிடத்தை எந்தத் தரத்தில் வைக்கலாம்?” என்று கேட்டால் விடை நேராக வந்துவிடும்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் 470 கோடி பைட் இடம். விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். அளக்கும் முறை வேறு, இடம் ஒன்றுதான். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் 3,760 கோடி பிட். உங்கள் 2 மணி 20 நிமிடம் 8,400 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 4,476 கிலோபிட். அதில் ஒலிக்கு 192 போகட்டும். அமைப்புக்கும் மெனுவுக்கும் ஓர் ஓரத்துக்குமாக 4 சதவீதம் கழித்துவிடுங்கள். படத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 4,100 கிலோபிட். டிஸ்க் நிறைந்துவிட்டதாக மென்பொருள் காட்டியது இதனால்தான்: இருக்கும் நிமிடங்களுக்கு இருக்கும் இடம் முழுவதையும் பகிர்ந்து கொடுத்து, முடிந்த அளவு நல்ல தரத்தைத் தர முயல்கிறது. அதில் தவறு ஏதும் இல்லை.

4,100 போதுமா? கைப்பேசிப் பதிவுகளுக்குப் போதும் என்பேன், ஆனால் தாராளம் என்று சொல்ல மாட்டேன். என் கண்ணுக்குப் பழக்கப்பட்ட அளவுகள் இவை: 6,000-க்கு மேல் இருந்தால் குறை சொல்ல இடமிருக்காது. 4,000 முதல் 5,000 வரை சாதாரணக் காட்சிகள் தெளிவாக இருக்கும், வேகமான அசைவில் மட்டும் ஆங்காங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். 3,000-க்குக் கீழே போனால் கூட்டம், நடனம், அலை, ஆடும் இலைகள் எல்லாம் கட்டங்களாகச் சிதறும். கையில் பிடித்தபடி நடுங்க நடுங்க எடுத்த காட்சிக்கு இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் சட்டகம் (ஃபிரேம்) முழுவதுமே ஒவ்வொரு கணமும் மாறுகிறது. மேல் எல்லையும் உண்டு. டிவிடி தரப்படி படத்துக்கு உச்சம் நொடிக்கு 9,800 கிலோபிட், ஒலி முதலிய எல்லாம் சேர்த்து 10,080. அந்த உச்சத்திலேயே ஓட்டினால் ஒரு டிஸ்க் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டில் எழுதிய டிஸ்க்கை அவ்வளவு வேகத்தில் வாசிக்கத் திணறும் பிளேயர்கள் உண்டு என்பதால், இடம் மிச்சம் இருந்தாலும் நான் 8,000-ஐத் தாண்டுவதில்லை.

3 மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கச் சொல்லி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பிரிக்க மனமில்லையென்றால் இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறது, 8.5 ஜிபி. அதுவும் கிடைக்காதபோது ஒரு வழி: படத்தின் அகலத்தைப் பாதியாக்கி 352 புள்ளி என்று வைப்பது. டிவிடி தரமே அதற்கு அனுமதி தருகிறது. படம் சற்று மென்மையாகத் தெரியும், ஆனால் கட்டம் கட்டமாகச் சிதறுவதைவிட அது பார்க்கச் சகிக்கும். ‘இரண்டு சுற்று’ என்கோடிங் வசதி மென்பொருளில் இருந்தால் இறுக்கமான டிஸ்க்குகளுக்கு அதைப் போடுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அங்கே தரவைக் கூட்டிக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், பலனும் கண்ணுக்குத் தெரியும்.

ஒலியில் ஒரு எச்சரிக்கை. ஏசி-3 என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோவுக்கு 192 போதும், பாட்டுக் கச்சேரி என்றால் 256 வையுங்கள். பட்டியலில் பிசிஎம் என்று ஒன்று இருக்கும். சுருக்காத ஒலி, தரம் உயர்ந்தது என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அது நொடிக்கு 1,536 கிலோபிட் கேட்கும். உங்கள் 8,400 நொடிக்கு அதுவே 1.6 ஜிபி, அதாவது டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு. கைப்பேசி ஒலிவாங்கியில் பதிந்த பேச்சுக்கு அந்தச் செலவு வீண். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பல இடங்களில் எடுத்த துண்டுகளில் ஒன்று கத்தும், ஒன்று முணுமுணுக்கும். ஆத்தரிங்குக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பார்ப்பவர் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிய அவசியம் வராது.

அடுத்தது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் பால் வழி: 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்டிஎஸ்சி: 720-க்கு 480, நொடிக்கு 29.97. ஒரு டிஸ்க்கில் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும், கலக்கக் கூடாது. பால் நாடுகளில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். என்டிஎஸ்சி நாடுகளில் விற்றவற்றில் பல, பால் டிஸ்க்கை ஏற்பதில்லை. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால் என்டிஎஸ்சிதான் பாதுகாப்பு. இன்னொரு கோணமும் உண்டு. கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டகமாக எடுக்கின்றன. அதைப் பாலுக்கு மாற்றினால் ஆறில் ஒரு சட்டகத்தை எறிய வேண்டும், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் இடங்களில் படம் வெட்டி வெட்டிப் போகும். உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை 30 சட்டகம் என்றால், பால் நாட்டில் இருந்தாலும் என்டிஎஸ்சியாகச் செய்து பாருங்கள் என்பது என் யோசனை. உங்கள் பிளேயரும் டிவியும் அதை ஏற்குமா என்பதை முதலில் ஒரு சிறு சோதனை டிஸ்க்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை நான் இங்கிருந்து உறுதி சொல்ல முடியாது.

பேச்சும் வாயசைவும் விலகும் கோப்பு, கைப்பேசியில் எடுத்தது என்றால் காரணம் ஏறக்குறைய நிச்சயம். கைப்பேசிகள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சட்டக வேகத்தை ஏற்றி இறக்கும். இருட்டில் 24, வெளிச்சத்தில் 30 என்று ஒரே கோப்புக்குள் மாறிக்கொண்டே இருக்கும். டிவிடிக்கு நிலையான வேகம் வேண்டும். இணைக்கும் மென்பொருள்கள் சில, சட்டகங்களை எண்ணிக்கொண்டு மட்டும் போவதால், படம் ஒரு வேகத்திலும் ஒலி வேறு வேகத்திலும் போய்விடுகிறது. முதல் நிமிடத்தில் தெரியாது, பத்தாவது நிமிடத்தில் உறுத்தும். தீர்வு: அந்தக் கோப்பை மட்டும் தனியாக எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘நிலையான சட்டக வேகம்’ என்று அமைத்து ஒருமுறை மாற்றிக்கொண்டு, பிறகு ஆத்தரிங்குக்குக் கொடுங்கள். தரத்தைச் சற்று உயர்வாக வைத்து மாற்றினால் இழப்பு தெரியாது. ஹேண்ட்பிரேக்கால் டிவிடி உருவாக்க முடியாது, இந்த இடைவேலைக்கு மட்டும்தான் அது. தொடக்கம் முதலே ஒரே அளவு விலகியிருந்தால் சிக்கல் வேறு. அப்போது ஒலியை அந்த அளவு முன்னோ பின்னோ தள்ளினால் போதும்.

படத்தின் வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும். டிவிடியில் இரண்டு வடிவம்தான்: 4:3, 16:9. பழைய கேமராவின் ஏவிஐ கோப்புகள் 4:3 ஆக இருக்கக்கூடும், கைப்பேசிப் படங்கள் 16:9. ஒரே டைட்டில்செட்டுக்குள், அதாவது ஒரே தொகுப்பாக வைக்கும் டைட்டில்களுக்குள், இரண்டையும் கலக்க முடியாது. தனித்தனி டைட்டில்செட்டாகப் போடலாம், அல்லது 4:3 படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டை சேர்த்து 16:9 ஆக்கலாம். நான் இரண்டாவதையே செய்வேன், தொல்லை குறைவு. தயவுசெய்து இழுத்து நிரப்பும் அமைப்பை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். மனிதர்களின் முகம் எல்லாம் அகன்று போய்விடும், அதுவும் இனி எடுக்கவே முடியாத பழைய படங்களில் அதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த கைப்பேசிப் படத்துக்கும் பட்டைதான் வழி. பழைய நாடாக் கேமராப் பதிவுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இண்டர்லேஸ் முறையில், ஒரு சட்டகத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பாதிகளாகப் பிரித்து எடுத்தவை. மினிடிவி (MiniDV) போன்ற டிஜிட்டல் நாடாவில் கீழ்ப் பாதி முதலில், உயர்தெளிவுக் கேமராக்களில் மேல் பாதி முதலில். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் அசைவெல்லாம் முன்னும் பின்னும் உதறும். உதறலைக் கண்டால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

மென்பொருள் என்றால் இலவசமானவற்றில் என் முதல் பரிந்துரை டிவிடிஸ்டைலர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு. புதிய திட்டம் தொடங்கும்போதே டிஸ்க் அளவு, பால்/என்டிஎஸ்சி, வடிவம், ஒலி முறை எல்லாம் கேட்கும். பிட்ரேட்டைத் தானியங்கியாக விட்டால் மேலே நான் போட்ட கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். கோப்புகளை இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு டைட்டில் ஆகும். டிவிடி ஃப்ளிக் இதைவிட எளிது, ஆனால் விண்டோஸுக்கு மட்டும், பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படவும் இல்லை. லினக்ஸில் டெவெடெ இருக்கிறது. கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றி டிவிடிஆத்தரில் அமைப்பை உருவாக்கலாம்; எனக்கு மிகவும் பிடித்த வழி அது, புதியவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். மேக்கில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால் அங்கே எது வசதி என்று சொல்வதைத் தவிர்க்கிறேன்.

11 கோப்பும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டுமா, மெனுவில் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டுமா என்று இந்த இடத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். தொடர்ச்சியாக ஓட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே டைட்டிலுக்குள் வைத்து, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தையும் ஒரு சாப்டர் ஆக்குங்கள். ரிமோட்டில் அடுத்தது என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும். தனித்தனி டைட்டில் என்றால், ஒன்று முடிந்து மற்றொன்றுக்குத் தாவும்போது பெரும்பாலான பிளேயர்களில் ஒரு கணம் படம் நிற்கும். ஒவ்வொரு டைட்டிலுக்கும் ‘முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு கட்டளை கொடுக்கும் இடம் டிவிடிஸ்டைலரில் இருக்கிறது. சும்மா விட்டால் மெனுவுக்குத் திரும்பும், அடுத்த டைட்டிலுக்குத் தாவச் சொன்னால் தாவும். முதல் நிகழ்ச்சி முடிந்ததும் டிஸ்க் நின்றுவிடுகிறது என்று வருகிற புகார்களுக்கெல்லாம் இந்த ஒரு கட்டளைதான் காரணம். 99 டைட்டில், டைட்டிலுக்கு 99 சாப்டர் என்பது எல்லை. உங்களுக்கு அது பொருட்டே இல்லை.

மெனுவில் தமிழில் எழுத நினைத்தால் கவனம் தேவை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவது, புள்ளி தனியாக நிற்பது போன்ற குளறுபடி பழைய ஆத்தரிங் மென்பொருள்களில் வரும். அதோடு மல்லுக்கட்டாமல், படம் திருத்தும் மென்பொருளில் தலைப்புகளோடு ஒரு படத்தைச் செய்து மெனுவின் பின்னணியாக வைத்துவிட்டு, பொத்தான்களை அதன்மேல் பொருத்துங்கள். எழுத்துகளைச் சட்டகத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பழைய டிவிகள் ஓரத்தைச் சற்று வெட்டிவிடும். கோப்புப் பெயர்களையும் டிஸ்க்கின் பெயரையும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பழைய கருவிகள் தமிழ்ப் பெயர்களில் தடுக்கி விழுவதுண்டு.

எல்லாம் தயாரானதும் நேராக டிஸ்க்கில் எழுதாதீர்கள். முதலில் கணினியிலேயே ஒரு ஃபோல்டராகவோ ஐஎஸ்ஓ கோப்பாகவோ (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக) உருவாக்கச் சொல்லுங்கள். விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் அதைத் திறந்து மெனு, சாப்டர் தாவல், ஒவ்வொரு கோப்பின் கடைசி நிமிடத்தில் ஒலிப் பொருத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசி நிமிடத்தைப் பார்ப்பது முக்கியம், விலகல் இருந்தால் அங்கேதான் பெரிதாகத் தெரியும். திருப்தியானதும் எழுதலாம். விண்டோஸில் இம்க்பர்ன் நல்லது. அதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது, இன்றும் இந்த வேலைக்குக் குறையில்லை. லினக்ஸில் கே3பி. வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைச் சாதாரணக் கோப்புகளைப் போல எழுதிவிடாமல் டிவிடி வீடியோவாக எழுத வேண்டும். கோப்புகள் டிஸ்க்கில் இருக்கும் வரிசையும் கோப்பு முறையும் தரப்படி இல்லாவிட்டால் சில பிளேயர்கள் மறுத்துவிடும். எழுதி முடித்தபின் சரிபார்க்கும் வசதியைக் கட்டாயம் போடுங்கள்.

எழுதும் வேகத்தையும் டிஸ்க் வகையையும் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், இங்கே நானும் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். இருப்பதிலேயே மெதுவான வேகம்தான் சிறந்தது என்பது பரவலான நம்பிக்கை. 16 மடங்கு வேகத்துக்கென்று செய்த டிஸ்க்குகளுக்கு அது எப்போதும் பொருந்துவதாக நான் காணவில்லை. 4 முதல் 8 மடங்கு வரை எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர், அதாவது மைனஸ் ஆர், ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். பிளஸ் ஆர் என்றால், டிரைவ் அனுமதித்தால் புக் டைப்பை (டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுங்கள், பிளேயர் அதைக் கடை டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பவை, சில பிளேயர்கள் அவற்றை வாசிக்காது. வாசிக்கும் பிளேயர் இருந்தால் சோதனைக்கு அதைவிட வசதி இல்லை. காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனா போதும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் டிவிடியின் படம் டிவிடி அளவுதான். உங்கள் கைப்பேசி எடுத்த 1920-க்கு 1080 படத்தில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். பால் டிவிடியில் 4,14,720, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பெரிய டிவியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிவிடி செய்து முடித்ததும் மூலக் கோப்புகளை அழித்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அழித்துவிட்டால் அந்தத் தெளிவை டிவிடியிலிருந்து மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. 11 கோப்பையும் இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், அதன் பக்கத்திலேயே நீங்கள் உருவாக்கிய ஐஎஸ்ஓவையும் வையுங்கள். டிஸ்க் கீறல் பட்டால் மறுபடி எழுதச் சில நிமிடம்தான்.

முதலில் இரண்டு கோப்புகளை மட்டும் வைத்து, என்டிஎஸ்சியில், மெனு இல்லாமல் ஒரு சோதனை டிஸ்க் செய்து உங்கள் பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் பிளேயரின் மாடல், டிஸ்க்கின் வகை, திரையில் வந்த வாசகம், வீடியோ_டிஎஸ் ஃபோல்டருக்குள் தெரியும் கோப்புப் பெயர்கள் ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.